கழித்துக் கேட்காத ஊர்

1

எழுதிப் பழக்கமில்லாத ஒருத்தி இந்தப் பக்கங்களைப் பிடித்துக்கொண்டதற்கு முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவள் நான். கட்டுரைப் போட்டி என்றால் ரீச்சரின் கண் என்மேல் படக்கூடாது என்று கடைசி வாங்கில் தலையைக் குனிந்துகொண்டு இருப்பேன். இப்போதும் நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குக் குரல் வராது. பழைய மாணவியர் மலருக்கு வெளிநாட்டு அனுபவம் ஏதாவது எழுது என்று வெள்ளவத்தையிலிருந்து என் வகுப்புத் தோழி கேட்டபோது, என்னைவிடப் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே என்றேன். படித்தவர்கள் எல்லாரும் பனியைப் பற்றியே எழுதி அனுப்புகிறார்கள், நீ வேறெதையாவது எழுது என்றாள்.

ஆகவே பனியை விட்டுவிடுகிறேன். நான் எழுத வந்தது மூன்று இங்கிலீசுச் சொற்களைப் பற்றி. இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடம் நிறைந்த கிழமையில், ஒரு காலை நேரம், அவற்றைத் தொலைபேசியில் சொன்னேன். அதனால் என் மகளுக்குக் கிடைத்த வேலை கைவிட்டுப் போகப் பார்த்தது.

2

லண்டனுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். இவருக்குப் பொருட்களைக் கட்டி அனுப்பும் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. எனக்கு வயோதிபர் இல்லம் ஒன்றில், துணி துவைக்கும் பகுதியில், பகல் வேலை. அவர் உள்ளே வரும்போது நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருப்பேன். குளிர்சாதனப் பெட்டியில் எந்தச் சட்டியில் என்ன கறி இருக்கிறது என்பதுதான் எங்களுக்கிடையில் அதிகம் நடக்கும் பேச்சு.

பிள்ளை ஒன்றுதான், அபி. மன்செஸ்டரில் படித்துவிட்டு அங்கேயே ஒரு அறையில் இருந்தாள். கிளாஸ்கோவில் நல்ல வேலை ஒன்று கிடைத்திருக்கிறது, வருகிற திங்கட்கிழமை தொடங்கவேண்டும் என்று சொன்னாள். இன்னும் தூரமோ என்று கேட்டேன். ரயில் இருக்குத்தானே அம்மா என்றாள். ரயில் இருக்கிறதுதான்.

வேலையில் நாள் முழுக்கச் சீமெந்துத் தரையில் நிற்கவேண்டும். ஈரப் படுக்கை விரிப்புகளின் பாரம் துவைத்தவர்களுக்குத்தான் தெரியும். போன மாரியில் என் வலது முழங்கால் நோகத் தொடங்கியது. முதலில் படியில் இறங்கும்போது மட்டும் நொந்தது. பிறகு நிற்கும்போதும் நொந்தது.

இந்த ஊரில் டொக்டரைப் பார்ப்பதானால் காலை எட்டு மணிக்குத் தொலைபேசி எடுக்கவேண்டும். எட்டு மணிக்கு எடுத்தால் எனக்கு முன்னால் ஊரே வரிசையில் நிற்கும். பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருந்தால் ஒரு பெண் வந்து என்ன வருத்தம் என்று கேட்பாள். முழங்கால் என்றதும் மருந்துக்கடையில் பூச்சு வாங்கிப் பாருங்கள் என்பாள். வாங்கிப் பூசி, அடுத்த கிழமை எடுத்தால் இணையத்தில் படிவம் நிரப்பச் சொல்வாள். நிரப்பினால் ஒரு பதிலும் வராது. மரியாதையாகத்தான் கதைப்பார்கள். அந்த மரியாதைக்கு முன்னால் எனக்கு அடுத்த சொல் வராது. தாங்க்யூ சொல்லி வைத்துவிடுவேன். பிறகு வேலைக்குப் போகும் பஸ்ஸில், சொல்லியிருக்கவேண்டியதெல்லாம் வரிசையாக வரும்.

3

அந்த நாட்களில் கொட்டாஞ்சேனைச் சின்னம்மாவை அடிக்கடி நினைத்தேன். அம்மாவின் தங்கை. இப்போது உயிரோடு இல்லை. என் அம்மா கூச்சக்காரி, என் கூச்சம் அங்கிருந்து வந்ததுதான். அதனால் கவுண்டர் என்று ஒன்று இருக்கிற இடத்துக்கெல்லாம் சின்னம்மாவே எங்களைக் கூட்டிப்போவார். அரசாங்க ஆஸ்பத்திரி, தண்ணீர்க் கட்டணம் கட்டும் இடம், வீட்டு வழக்குக்காகப் புதுக்கடை நீதிமன்றம், எல்லாம் அவர்தான்.

பஸ்ஸில் சிரித்துக் கதைத்துக்கொண்டு வருவார். கவுண்டரைக் கண்டதும் சேலைத் தலைப்பு வாய்க்குப் போகும். "அனே மாத்தயா, மே லமயா மெரெண்ட யனவா." ஐயா, இந்தப் பிள்ளை சாகப் போகுது. சாகப்போகிற பிள்ளை நான். எனக்கு இருந்தது காதுக்குள் குத்து வலி.

கவுண்டருக்குள் இருந்த மனிதர் என்னை எட்டிப் பார்த்தார். போன மாதமும் இந்தப் பிள்ளைதானே செத்தது, நோனா, என்று சிங்களத்தில் கேட்டார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சின்னம்மா அசையவில்லை.

"அது மற்றக் காது, மாத்தயா."

டொக்டரைப் பார்க்கும் நம்பர் கிடைத்தது. வெளியே வந்து வாங்கில் இருந்ததும் சின்னம்மா தலைப்பை உதறி, "கூட்டிச் சொன்னால்தான் பாதியாவது அவையின்ர காதில ஏறும்" என்றார். அந்த மனிதருக்கும் இது தெரியும். சாகப்போகுது என்றால் காய்ச்சல், மயங்கி விழுந்துவிட்டாள் என்றால் தலையிடி என்று மனதுக்குள் கழித்துக்கொண்டுதான் கேட்பார். அந்தக் கழிவையும் கணக்குப் பண்ணித்தான் சின்னம்மா கூட்டுவார்.

வீட்டுக்குள் இது தலைகீழாக நடக்கும். சித்தப்பா இறந்த அன்று நான் இங்கே வேலையில் நின்றேன். சின்னம்மா தொலைபேசியில், "சித்தப்பாவுக்குக் கொஞ்சம் கடுமை, பிள்ளை" என்றார். கொஞ்சம் என்றதும் நான் ஈரத் தரையில் இருந்துவிட்டேன். கூட வேலைசெய்யும் போலந்துப் பெண் என்ன என்று கேட்டபோது, சித்தப்பா இறந்துவிட்டார் என்றேன். அப்படி எவரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

4

அந்தச் செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு எடுத்தபோது முழங்கால் வீங்கியிருந்தது. இவர் அப்போதுதான் வந்து படுத்திருந்தார். வழமையான பெண், வழமையான கேள்வி. எனக்குள் சின்னம்மா வந்துவிட்டார் என்றுதான் சொல்லவேண்டும். பாடசாலையில் எங்களுக்குத் துக்கத்துக்குச் சொல்லித்தந்த இங்கிலீசுச் சொல் ஒன்றே ஒன்றுதான், சாட். மற்றவை தொலைக்காட்சியிலும் வேலையிடத்திலும் பொறுக்கியவை. பொறுக்கியவற்றில் பெரியதாகப் பார்த்து எடுத்துப் போட்டேன். ஐ ஆம் டெஸ்பரேட் என்றேன். வெரி டிஸ்ட்ரெஸ்ட் என்றேன். அவள் ஒன்றும் சொல்லாதிருக்கவே, ஹோப்லெஸ் என்றும் சொன்னேன்.

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது. நம்பர் வருகிறது என்று நினைத்தேன்.

வந்தது ஒரு தாதியின் மெல்லிய குரல். தன் பெயரைச் சொன்னார். என் பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுத்தரும்படி கேட்டார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றும், எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது என்றும் விசாரித்தார். பிறகு அதே மெல்லிய குரலில், உயிரை விட்டுவிடலாம் என்று எப்போதாவது தோன்றியதா என்று கேட்டார். இல்லை, இல்லை என்றேன். ஆனால் நான் சொன்னது முழங்காலுக்காக என்று சொல்ல வாய் வரவில்லை. கவுண்டரில் கூட்டிச் சொன்னதைத் திருப்பி எடுத்து எனக்குப் பழக்கமில்லை. சின்னம்மா அதைச் சொல்லித் தரவில்லை. இன்னொன்றும் இருந்தது. அப்படியொரு குரலில் என்னோடு எவரும் கதைத்து வெகுநாளாகியிருந்தது. அதை உடனே முடித்துக்கொள்ள மனம் வரவில்லை.

பேசாமல் இருந்தேன். அந்தப் பேசாமையை அவர் இன்னும் பெரிதாக எடுத்திருக்கவேண்டும். உடனே தொடர்புகொள்ள யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். இவர் நித்திரை. அபியின் இலக்கத்தைக் கொடுத்தேன்.

மத்தியானமே டொக்டர் என்னைப் பார்த்தார். நெடுநேரம் இருத்தி வைத்துக் கதைத்தார். தண்ணீர் தந்தார். முழங்காலை மட்டும் பார்க்கவில்லை. இந்தக் கிழமை வேலைக்குப் போகவேண்டாம், தனியே இருக்கவேண்டாம், வெள்ளிக்கிழமை திரும்ப அழைப்போம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

இவர் எழும்பி வந்து முழுவதையும் கேட்டுவிட்டு, தலையைச் சொறிந்தார். "முழங்காலுக்கு மனசு டொக்டரோ? அப்ப நான் பல்லுக்கு ஐயரிட்டத்தான் போகவேணும்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும், வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வழமையாகப் பார்க்கமாட்டார்.

5

பொழுதுபட அபி வந்தாள். முதுகில் பை, கண் சிவந்திருந்தது. கிளாஸ்கோவுக்கு எழுதிவிட்டாளாம், அம்மாவுக்குச் சுகமில்லை, திங்கள் வரமுடியுமோ தெரியாது என்று. வியாழன் பின்னேரத்துக்குள் முடிவு சொல்லும்படியும், இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்றும் அவர்கள் பதில் போட்டிருந்தார்கள். இதை அவள் காலநிலை சொல்வதுபோலச் சொன்னாள்.

அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அடுத்த நாள் காலை அவள் தேநீர் போட்டுக்கொண்டு வந்து கட்டிலில் என் பக்கத்தில் இருந்தாள். சீனி கூடிப்போயிருந்தது. எத்தனை வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் தேநீர் குடித்தோம் என்று யோசித்தேன். கடைக்குப் போனாள், பருப்புக் காய்ச்சினாள், உப்புப் போட மறந்தாள். நான் எழும்பினால் அவளும் எழும்பினாள். எனக்குச் சந்தோசமாக இருந்தது. அந்தச் சந்தோசத்தோடு ஓரிடத்தில் இருக்கமுடியவில்லை. குசினிக்கும் அறைக்குமாக நடந்தேன். நடக்க நடக்க முழங்கால் நொந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் நொண்டவும் பயமாக இருந்தது.

அன்று பின்னேரம் வெள்ளவத்தையிலிருந்து அக்கா வீடியோவில் வந்தார். எனக்குப் பின்னால் அபி போவதைக் கண்டுவிட்டார்.

"என்னடி, கிழமை நாளில அபி நிக்கிறாள்? ஆருக்குக் கடுமை?"

தொலைபேசியைக் குசினிக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சின்னம்மா செத்தும் உன்னை விடேல்லை என்றார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அக்காவின் மகன் அவுஸ்திரேலியாவில். மூன்று நேரமும் அடுக்குமாடி வீட்டில் தனியாகச் சாப்பிடுகிறவர் அக்கா.

"பேசாமல் இரு. வேலை இன்னொண்டு வரும். பிள்ளை தானா வந்து பக்கத்தில நிக்கிறது லேசில கிடைக்காது. எனக்கு இந்த மூளை வரேல்லையே."

பிடிபட்டுவிட்டாய் என்றோ பாவம் என்றோ சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அக்காவிடம் உங்கட பாடு எப்படி என்று கேட்டேன். ஒன்றுமில்லை, லிஃப்ட் மட்டும் சும்மா ரெண்டு நாளாக வேலை செய்யேல்லை என்றார். அவர் இருப்பது ஆறாம் மாடியில். அவருக்கும் முழங்கால் நோகிறது. சும்மா ரெண்டு நாள் என்றால் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்துவிட்டு, மேலே கேட்காமல் விட்டேன்.

6

வியாழன் காலை அபி காய்ந்த உடுப்புகளைச் சோபாவில் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு சரியில்லை, வேலைப் பழக்கத்தில் நான் திரும்ப மடித்தேன். கிளாஸ்கோவுக்குத் தொலைபேசி எடுத்து, வரவில்லை என்று சொல்லப்போகிறேன் என்றாள். கவலையாகக்கூடச் சொல்லவில்லை.

ஒரு தொலைபேசிக்கு இப்படி ஓடிவரவேண்டுமா என்று கேட்டேன். அவள் என்னை விளங்காதவள்போலப் பார்த்தாள்.

"அம்மா, ஹோப்லெஸ் எண்ட சொல்லை ஆரும் சும்மா சொல்லமாட்டினம்."

பிறகு, உடுப்பு மடித்தபடியே, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விளக்கினாள். ஃபெட் அப் என்றால் திங்கட்கிழமைகளில் எல்லாருக்கும் வருவது. அப்செட் என்றால் ஏதோ நடந்திருக்கிறது, நாளைக்கு ஆறிவிடும். டௌன் என்றால் காரணம் கேட்டால் மழை என்றுகூடச் சொல்லலாம். டிஸ்ட்ரெஸ்ட் என்றால் பக்கத்தில் நிற்கிறவர்கள் உடனே ஏதாவது செய்யவேண்டும். ஹோப்லெஸ் என்றால், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அந்த ஆளே முடிவெடுத்துவிட்டார்.

"லோ எண்டு ஒண்டு இருக்கு," என்றாள். "அதை நாங்கள் சிரிச்சுக்கொண்டுதான் சொல்லுவம். ஆனால் லேசில சொல்லமாட்டம்."

கையில் இருந்த துவாயை மடிக்காமல் வைத்திருந்தாள்.

"நான் உங்களுக்கு ஒருக்காச் சொன்னனான். ரெண்டாம் வருஷம். ஐ ஆம் எ பிட் லோ எண்டு."

எனக்கு நினைவிருந்தது. வெயில் இல்லாததால் வருவது என்று சொல்லி, விற்றமின் குளிசையும் மிக்சர் பைக்கற்றும் தபாலில் அனுப்பியிருந்தேன்.

"மிக்சர் நல்லா இருந்தது," என்றாள்.

குற்றம் சொல்லும் குரல் இல்லை. அதனால்தான் தாங்கமுடியவில்லை. கொஞ்சம் என்ற சொல்லைக் கேட்டு ஈரத் தரையில் இருந்தவள் நான். இங்கிலீசு பேசுகிறவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்வார்கள் என்று இருபது வருடமாக நினைத்திருந்ததால், என் பிள்ளையின் கொஞ்சம் எனக்குக் கேட்காமலே போயிருக்கிறது. அவளோ நான் சொன்னதில் ஒன்றையும் கழிக்காமல் ரயில் ஏறியிருக்கிறாள்.

"அபி, நான் நம்பர் எடுக்கத்தான் அப்பிடிச் சொன்னனான்."

"என்ன நம்பர்?"

சின்னம்மாவை, கவுண்டரை, மற்றக் காதை, எல்லாம் சொன்னேன். வேறு நாளென்றால் அவள் சிரித்திருப்பாள். முகம் வெளிறியது. இங்கிலீசில் இரண்டு வசனம் சொன்னாள், அவற்றை எழுதமாட்டேன். எழும்பி யன்னலடியில் போய் எனக்கு முதுகு காட்டி நின்றாள். ரயில் முழுக்க என்ன நினைத்துக்கொண்டு வந்தேன் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. கேட்கவும் பயம்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப ஒண்டுமே உண்மையில்லையா?"

இல்லை என்று சொன்னால் அத்தோடு முடிந்திருக்கும். அவள் கோபத்தோடு போயிருப்பாள், நான் பூச்சு வாங்கியிருப்பேன். ஆனால் இல்லை என்று சொல்ல வரவில்லை. தாதி கேட்டபோது வராதது இப்போதும் வரவில்லை. அபி மெதுவாக வந்து எனக்கு முன்னால் நிலத்தில் இருந்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். டெஸ்பரேட்? இல்லை. ஹோப்லெஸ்? சத்தியமாக இல்லை. டிஸ்கரேஜ்ட்? அது என்ன என்றேன். முயற்சி செய்து செய்து, இன்னொருமுறை செய்ய மனம் எழும்பாமல் போவது என்றாள்.

எட்டு மணித் தொலைபேசிகள் நினைவுக்கு வந்தன. அவை மட்டுமில்லை.

"அது கொஞ்சம்," என்றேன்.

அவள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கொஞ்சத்தை எப்படிக் கேட்கவேண்டும் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஆனால் சரியான சொல் அதில்லை. அந்தரமாக் கிடக்கு."

அந்தரம் என்றால் என்ன என்று கேட்டாள். வீட்டில் தமிழ் பேசி வளர்த்தோம் என்ற எங்கள் பெருமை அவ்வளவுதான். கவலையா, பயமா என்றாள். இரண்டும் இல்லை. வெள்ளவத்தை வீட்டின் பல்கனியைச் சொன்னேன். அப்பா வேலையால் வரப் பிந்துகிற நாட்களில் அம்மா வாசல் கதவுக்கும் பல்கனிக்குமாக நடப்பார். அடுப்பில் வைத்ததைப் பார்ப்பார், மறந்துபோய்த் திரும்ப நடப்பார். கடல் பக்கமிருந்து ஏறும் ஒழுங்கையில் அப்பாவின் சேர்ட் தெரிந்ததும் நின்றுவிடுவார், ஒன்றுமே நடக்காததுபோலச் சோறு போடுவார். அதுதான் அந்தரம்.

"நானும் அப்பிடித்தான் நடக்கிறன், அபி. ஆனால் இஞ்ச ஆர் வரவேணும் எண்டு நடக்கிறன் எண்டுதான் தெரியேல்லை. அதோட முழங்காலும் நோகுது."

அவள் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் அழுதாள். என் முழங்காலில் தலையை வைத்தாள், நோகிற முழங்காலில். நான் காலை எடுக்கவில்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரியாகச் சொல்லுங்கோ, நான் நிக்கவேணுமா போகலாமா என்று கேட்டாள். இனி நான் சொல்வதை அப்படியே எடுக்கப்போகிறாள் என்று தெரிந்தது. கூட்டினால் நிற்பாள். குறைத்தால், ஒன்றுமில்லை என்று நம்பிக்கொண்டு போய்விடுவாள். என் வாழ்நாளில் ஒரு சொல்லை அவ்வளவு நேரம் நிறுத்துப் பார்த்ததில்லை.

"போ. நீ போனால் எனக்கு அந்தரமாத்தான் இருக்கும். நீ நிக்கவேண்டிய அளவுக்கு இல்லை. ஆனால் ஒண்டுமில்லை எண்டும் இல்லை."

"அப்ப ஞாயிற்றுக்கிழமையில எடுப்பன். ஒண்டுமில்லை எண்டு சொன்னால் வைக்கமாட்டன்."

"நீயும் எ பிட் எண்டு சொல்லக்கூடாது."

தலையாட்டினாள். பின்னேரத்துக்கு முன் கிளாஸ்கோவுக்கு எடுத்தாள். நான் குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். திங்கள் வருகிறேன் என்று சொன்னபோது அவளுடைய குரல் உயர்ந்தது. அது எனக்குச் சுகமாகவும் இருந்தது, இல்லாமலும் இருந்தது.

7

அடுத்த நாள் அபி காலை ரயிலில் போனாள். பத்து மணிபோல அந்தத் தாதி எடுத்தார். நம்பர் கிடைக்கவேண்டும் என்று கூட்டிச் சொன்னேன் என்றும், மன்னிக்கவேண்டும் என்றும், ஆனால் டிஸ்கரேஜ்ட் என்பது உண்மை என்றும், இந்த முழங்காலோடு அரைநாள் நிற்கலாம், முழுநாள் முடியாது என்றும் சொன்னேன். முழங்காலுக்கு அடுத்த மாதம் ஒரு திகதி தந்தார். மற்றதற்குத் தானே அடுத்த கிழமை திரும்ப எடுப்பதாகச் சொன்னார். பின்னேரம் அக்கா, லிஃப்ட் சரியாகிவிட்டது என்று செய்தி போட்டிருந்தார். உண்மையாக எவ்வளவு நாள் வேலை செய்யவில்லை என்று கேட்டேன். இரண்டு மாதம் என்று பதில் வந்தது.